பெட்டிக்குப் பின்னிய ஸ்வெட்டர்

அக்கா,

காலையில் கடையைத் திறந்து அடுப்பைப் பற்ற வைத்ததும் நனைந்த கம்பளி வாடை கடை முழுக்க நிறைந்துவிட்டது. ராத்திரியிலிருந்து சாரல். வீட்டிலிருந்து நடந்து வருவதற்குள் தலையில் போட்டிருந்த தொப்பி நனைந்துபோய், அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியதும் ஆவி விட ஆரம்பித்தது. கம்பளி ஈரமும் பால் கொதிக்கிற வாசமும் சேர்ந்தால், "நாய்க்குட்டியக் குளிப்பாட்டி அடுப்பாங்கரைல உட்டாப்புல இருக்குது அம்மிணி" என்பீர்கள். அதே வாசம்தான்.

அதைத் தொப்பி என்று நீங்களும் நானும்தான் சொல்வோம். நாலு மூலையும் காது மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிற தொப்பியை உலகத்தில் யார் போடுவார்கள்? சிவப்பு, பச்சை, கடுகு மஞ்சள் என்று மிச்ச நூலெல்லாம் போட்டு உங்கள் கம்ப்யூட்டர் பெட்டிக்கு நான் பின்னிய ஸ்வெட்டர் அது. உங்கள் தலைக்கு ஏறி, இப்போது என் தலைக்கு வந்திருக்கிறது.

பெட்டியும் என்னிடம்தான் இருக்கிறது. டீக்கடையில், பிஸ்கட் டின்களுக்குப் பின்னால். சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடி, வழக்கமான இடத்தில் நின்றுவிட்டது. சிவப்புப் பொட்டு மூன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறது, இருட்டில் யாரோ டார்ச் அடித்துத் தேடுகிற மாதிரி. அது தேடுகிற நேரத்தில் நான் இதை எழுதுகிறேன். ஒரே காலையில் முடியாது. நாலாங்கிளாஸோடு நின்ற கை. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நீங்கள் வாசித்துவிட்டுக் கிண்டல் பண்ண மாட்டீர்கள் என்கிற தைரியத்தில்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பேக்டரி வேலையிலிருந்து ரிட்டயர்டு ஆகி, என் கடைக்குப் பக்கத்துக் கடையைப் பிடித்து நீங்கள் ஜெராக்ஸும் போட்டோவும் போட வந்த அன்றைக்கு நமக்குள் பழக்கமே கிடையாது. ஆனாலும் என் வாய் சும்மா இருந்ததா?

"ஏனுங்க்கா, இத்தன வருஷம் பேக்டரிச் சங்கு ஊதுனா ஓடுனீங்க. இனி எந்தச் சங்குக்குங்க கடையத் தொறப்பீங்க?"

நீங்கள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"உன்ற வாய் இருக்குதே அம்மிணி. அதவிடப் பெரிய சங்கு எங்கிருக்குது?"

அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த மனுஷியோடு காலம் தள்ளலாம் என்று.

உங்கள் தம்பி மேட்டுப்பாளையத்திலிருந்து கொடுத்தனுப்பிய பழைய கம்ப்யூட்டர் அது. வருகிறவர்கள் எல்லாரும் பென் டிரைவைச் சொருகிச் சொருகி வைரஸ் ஏற்றிவிட்டார்கள் என்று அதிலிருந்ததைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டீர்கள். காசும் கிடையாது, வைரஸும் ஒட்டாது, கிழட்டுப் பெட்டிக்கும் ஒத்துப்போகும் என்று சொன்னீர்கள். அதன் சின்னமாக ஒரு பறவைப் படத்தைக் கதவில் ஒட்டினீர்கள்.

"இது என்னங்க்கா, கருங்கோழிக்குச் சட்டை போட்டு உட்டிருக்குது?"

"பெங்குவின் அம்மிணி. பனிக்கட்டி மேலயே குடித்தனம் பண்ற பறவை."

அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மார்கழி வந்ததும் எடுத்தேன். அந்த மார்கழியில்தான் பெட்டி காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்தது. நீங்கள் சுவிட்சைப் போடுவீர்கள், பறவைப் படம் வரும், அப்படியே நிற்கும். வேலைக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் கையில் காகிதத்தோடு காலை மாற்றி மாற்றி நிற்பார்கள். சங்கு ஊதிவிடும் என்று திரும்பி ஓடுவார்கள். நிற்பவர்களை நான் கூப்பிட்டு உட்கார வைத்து டீ போடுவேன்.

"பனிக்கட்டி மேல குடித்தனம் பண்ற பறவைன்னீங்க! அருவங்காட்டுப் பனிக்கே வெறச்சுப் போய் நிக்குதே! இப்படியே உடுங்கக்கா, என்ற கடை நல்லா ஓடுது."

"சிரி, சிரி. நாளைக்கு உன்ற பால் திரிஞ்சு போகும் பாரு."

சிரித்தாலும் உங்கள் முகம் சுருங்கியிருந்ததை நான் பார்த்தேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஓசியில் கிடைத்தது அப்படித்தான் இருக்கும் என்றார் ஒருத்தர். விண்டோஸே போட்டிருக்கலாம் என்றார் இன்னொருத்தர். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து லினக்ஸை மறுபடி முதலிலிருந்து போட்டீர்கள். திங்கட்கிழமை காலையில் அதே நிற்பு. அன்றைக்கு நீங்கள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பால் ஊற்றாத சாயத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே ஆற விட்டுவிட்டீர்கள். எனக்குத்தான் என்ன தெரியும்? கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். என்னால் முடிந்த ரிப்பேர் அவ்வளவுதான்.

அப்புறம் நீங்கள் அந்தப் பறவைப் படத்தை எடுத்துவிட்டு, பின்னால் ஓடுகிற எழுத்து வெளியே தெரிகிற மாதிரி செய்தீர்கள். படம் மறைத்துக்கொண்டிருந்ததால்தான் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்றீர்கள். மறுநாள் காலையில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதை வாசித்தீர்கள். எழுந்திருக்க வேண்டியது மூளை இருக்கிற முதல் டிஸ்க். அது பிழை இல்லாமல்தான் இருக்கிறது. படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற இரண்டாவது டிஸ்க்தான் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறது. பெட்டி அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறது.

"அதாவது பெரட்டுல பேரு கூப்பிடறாப்புலங்களா?" என்றேன்.

உங்களுக்கு எஸ்டேட் பழக்கம் கிடையாது. நான்தான் சொன்னேன். சிலோனிலிருந்து வந்து எங்கள் சனம் எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தபோது, விடிவதற்குள் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். இருக்கிறவர்கள் "இருக்கேன்" என்று சொன்னால்தான் அடுத்த பேருக்குப் போவார். ஒரு ஆள் சத்தம் கொடுக்காவிட்டால் மறுபடி மறுபடி கூப்பிடுவார், மொத்த வரிசையும் குளிரில் நிற்கும். நான் கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்த புதிதில், என் பேர் வந்தால் எங்கம்மாவே குரலை மாற்றி "இருக்கேன்" என்று சொல்லிவிடும். நான் லயத்தில் போர்த்திக்கொண்டு தூங்குவேன்.

நீங்கள் சாயத்தண்ணி புரையேறச் சிரித்தீர்கள்.

"அப்ப உன்ற சாதிதான் அம்மிணி இந்த டிஸ்க்கும். லயத்துல தூங்குது. இதுக்குக் கொரல் குடுக்க அம்மா இல்ல, அதான் மாட்டிக்கிச்சு."

அதிலிருந்து நமக்கு அது பெரட்டுதான். "பெரட்டு முடிஞ்சுதாங்க்கா?" என்று நான் இங்கிருந்து கத்துவேன். "இன்னும் ஒருத்தி வரலை" என்று அங்கிருந்து பதில் வரும். திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அதை எனக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினீர்கள். லிங்க் இஸ் ஸ்லோ டு ரெஸ்பாண்ட், ப்ளீஸ் பி பேஷண்ட். பதில் வர நேரமாகுது, தயவுசெஞ்சு பொறுமையா இரு.

"தயவுசெஞ்சுங்குதா? மெஷினு இவ்வளவு மரியாதயாப் பேசுதுங்களே! என்ற ஊட்டுக்காரரு ஒரு நாளு இப்படிப் பேசிக் கேட்டதில்ல."

"அவரக் கொண்டாந்து உடு. லினக்ஸ் போட்டு உட்டர்றேன்."

அந்த வாரம்தான் நான் ஸ்வெட்டர் பின்னினேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எப்போதும் கையில் ஊசி இருக்கும், உங்களுக்குத் தெரியுமே. வருகிறவர்கள் யாருக்கென்று கேட்டால், "பக்கத்துக் கடைல ஒரு பெங்குவின் நடுங்கிச் சாகுதுங்க" என்பேன். பெட்டியின் உயரம் அகலமெல்லாம் முழம் போட்டு அளந்து, நாலு மூலைக்கும் மடிப்பு வைத்து, ஒயர் வருகிற இடத்துக்கு ஓட்டை விட்டு, பொங்கலுக்குப் புதுத்துணி மாதிரிக் கொண்டுவந்து மாட்டினேன். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தீர்கள்.

"பிறந்த குழந்தைக்குப் பின்றாப்புல பின்னிக் கொண்டாந்திருக்கிற. இதுக்குப் பேரும் நீயே வெச்சுரு."

கிண்டலுக்குத்தான் பின்னினேன். ஆனால் நீங்கள் ராத்திரி கடை சாத்தும்போது ஒரு நாள் தவறாமல் அதைப் பெட்டிக்கு மாட்டிவிட்டுப் போனீர்கள். நம் ஊரில் குளிருக்கு எதைத்தான் நாம் போர்த்தவில்லை? தையல் மெஷினுக்குப் போர்வை, ரேடியோவுக்கு உறை, கோழிக்கூண்டுக்குச் சாக்கு. பெட்டிக்கும் இதமாக இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

பெட்டியோ முன்னைவிட மோசமானது. நீங்கள் ஒயரை மாற்றினீர்கள். ஒயர் சொருகும் இடத்தை மாற்றினீர்கள். ரெண்டு வாரம் நன்றாக இருக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். மத்தியானம் வெயில் வந்த பிறகு சுவிட்சைப் போட்டால் உடனே எழுந்திருக்கும், காலையில் மட்டும் எழாது. "இதுக்கு வெயிலு வேணும் போல" என்று நீங்கள் யோசனையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

பிறகு ஒரு நாள் காலை, மூடுபனி கடைக்குள்ளேயே வந்து நின்ற நாள், நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்காக அதன்மேல் கை வைத்துவிட்டு அப்படியே நின்றீர்கள். பிழிந்தீர்கள். தண்ணீர் சொட்டியது. ராத்திரியெல்லாம் ஜன்னல் இடுக்கில் வருகிற பனியைக் குடித்துக் குடித்து, கம்பளி அதைப் பெட்டிக்குள்ளேயே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால், சொருகுகிற இடத்தில் இருக்கிற சின்னச் சின்னப் பொன்னிறப் பல்லில் பச்சை ஏறியிருந்தது. செம்புக் குடத்தில் களிம்பு ஏறுகிற மாதிரி. நீங்கள் கல்லாவிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தீர்கள், குழந்தைக்குப் பல் விளக்கி விடுகிற மாதிரி. மாட்டினீர்கள். சுவிட்சைப் போட்டீர்கள்.

நான் டீயை ஆற்றி முடிக்கவில்லை. பெட்டி எழுந்துவிட்டது.

நீங்கள் ஈர ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தீர்கள்.

"அம்மிணி, திருடியக் கண்டுபிடிச்சிட்டேன். இவதான். உன்ற பாசம் ஈரத்தப் புடிச்சு வெச்சு டிஸ்க்குக்குச் சளி புடிக்க வெச்சிருச்சு."

"அட! போர்த்தி உட்டா சளி புடிக்குமாங்க? எந்த ஊரு ஞாயமுங்க இது?"

"பாசத்த மெஷினுக்கு மாட்டாத. மனுஷனுக்கு மாட்டு" என்று சொல்லி, அதை என் அடுப்பிலேயே காயவைத்து, எடுத்து உங்கள் தலையில் கவிழ்த்துக்கொண்டீர்கள். அடுப்புச் சூட்டில் கம்பளி சுருங்கி, அளவு எடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முன்னால் ரெண்டு காது, பின்னால் ரெண்டு காது. ஒயருக்கு விட்ட ஓட்டை வழியாக உங்கள் கொண்டை எட்டிப் பார்த்தது. நான் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். ஓடிப்போய் உங்கள் கேமராவை எடுத்துவந்தேன். எங்கே அமுக்குவது என்று கேட்டதற்கு, சிரிப்பை அடக்க முடியாமல் விரலால் காட்டினீர்கள். அமுக்கினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே படம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் எடுத்தவர் நீங்கள். ரேஷன் கார்டு, பஸ் பாஸ், கல்யாண ஜாதகம், எல்லாவற்றிலும் உங்கள் கை எடுத்த முகம்தான். உங்களை எடுத்தது யார்? நான் ஒருத்திதான். பிரிண்டு போட்டுக் கொடுங்கள் என்று எத்தனை தடவை கேட்டேன்!

"பிரிண்டு போட்டு உன்ற கடைல மாட்டி வெச்சு ஊரக் கூட்டிச் சிரிக்கிறதுக்கா? ரெண்டாவது டிஸ்க்குல உன்ற பேருல தனியாப் போட்டு வெச்சிருக்கேன். அங்கயே கெடக்கட்டும்."

பச்சையைத் தேய்த்து எடுத்தாலும் டிஸ்க் பழைய மாதிரி ஆகவில்லை. சளி உள்ளே இறங்கிவிட்டது போல. அவ்வப்போது காலையில் பேர் கூப்பிட்டால் சத்தம் கொடுக்காது. வேறு ஒன்று வாங்கி மாற்ற வேண்டும், வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அதுவரைக்கும் பெட்டிக்கு ஒரு வரி எழுதி வைத்தீர்கள். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரம் தேடு. கெடைக்கலைன்னா அங்கயே நின்னுறாத. வேலையப் பாருன்னு எழுதியிருக்கேன்."

அப்புறம் உங்களுக்கே முடியாமல் போனது. முதலில் மூச்சு வாங்கியது. பிறகு கை வீங்கியது, பிறகு கால். குன்னூரில் பார்த்தார்கள், கோயமுத்தூரில் பார்த்தார்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு ரிப்போர்ட், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் இன்னொரு டெஸ்ட். உங்கள் தம்பியால் வரமுடியாத நாட்களில் நான் கடையைச் சாத்திவிட்டு உங்களோடு மலை இறங்கினேன். என்னால் என்ன ஆகும்? இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. டாக்டர் சொல்வதில் பாதி புரியாது. பையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டு, சீட்டு வந்ததும் பேர் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நர்ஸ் உங்கள் பேரைக் கூப்பிட்டார். நீங்கள் எழுந்திருக்க முயன்றீர்கள், முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"கூப்பிட்டா ஒடம்பு இருக்கேன்ங்க மாட்டேங்குது அம்மிணி. லயத்துல தூங்குது போல."

எங்கம்மா குரலை மாற்றிச் சொன்ன மாதிரி உங்களுக்குப் பதிலாக நான் "இருக்காங்க" என்று நர்ஸிடம் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நீங்கள் போன பிறகு உங்கள் தம்பி கடையைக் காலி பண்ண வந்தார். ஜெராக்ஸ் மெஷினை வாங்க ஆள் இருந்தது. பெட்டியைக் காட்டி, "இது பழசுங்க்கா. இரும்புக்குப் போட்டர்லாமுங்களா?" என்றார். என்னிடம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். தொப்பியை அவர் கேட்கவே இல்லை. அது என்னவென்று அவருக்குத் தெரியாது.

மேட்டுப்பாளையத்தில் உங்கள் தம்பி வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கிற படத்தைப் பார்த்தீர்களானால் நீங்களே கும்பிடுவீர்கள், அவ்வளவு பயமாக இருக்கிறது. பேக்டரி கேட் பாஸில் இருந்ததைப் பெரிசு பண்ணியிருக்கிறார்கள். வேறு படம் இல்லையாம். தாடையை இறுக்கிக்கொண்டு, களவுப் புகாரில் கூட்டி வந்து நிறுத்திய மாதிரி முறைக்கிறீர்கள். அது நீங்கள் இல்லை, அக்கா. உங்கள் தம்பி பையன்கள் அந்தப் பக்கம் போகவே பயப்படுகிறார்கள். நான் பெட்டியில் இருக்கிற படத்தைப் பற்றிச் சொன்னேன். தம்பி கண் கலங்கிவிட்டார்.

"அக்கா சிரிக்கறாப்புல இருக்குதுங்களா? வருஷத் திதிக்குள்ள எடுத்துக் குடுங்க்கா. ஃப்ரேம மாத்திர்லாம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் சுவிட்சைப் போடுகிறேன். நீங்கள் செய்து பார்த்ததெல்லாம் எனக்குத் தெரிந்த அளவுக்குச் செய்தேன். ரப்பர் வாங்கிப் பல் விளக்கினேன். அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெட்டி பேர் கூப்பிடுகிறது. தயவுசெய்து பொறுமையாக இரு என்கிறது. சிவப்புப் பொட்டு ஓடுகிறது. பிறகு நீங்கள் சொல்லி வைத்த மாதிரியே, போதும் என்று விட்டுவிட்டு எழுந்துவிடுகிறது. படம் மட்டும் இல்லை.

தை மாதத்தில் ஒரு நாள். ராத்திரி உறைபனி விழுந்து, காலையில் காய்ச்சிக் கொடுத்த மாதிரி வெயில். கடைக்குள்ளேயே சாய்வாக வந்து பெட்டி மேல் விழுந்தது. சுவிட்சைப் போட்டேன். எழுத்து நிற்கவில்லை! திரை வந்ததும் ஓரத்தில் அந்த இரண்டாவது டிஸ்க்கின் சின்னம் நின்றது. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அமுக்கினேன். ஊரே உள்ளே இருந்தது. ஒவ்வொரு கட்டமாக ஒவ்வொரு முகம் வந்தது. இப்போது இருக்கிறவர்கள், இல்லாதவர்கள், கல்யாணம் ஆகிப்போன பிள்ளைகள், மீசை எடுத்துவிட்டவர்கள். அவர்களுக்கு நடுவில் தமிழில் என் பேர் போட்ட ஒரு கூடு, நீங்கள் ஃபோல்டர் என்பீர்களே, அது. அதைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு படம். கட்டம் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தது. கீழே பேர் மட்டும் வந்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அம்மிணி என்னைச் சிரிக்க வைத்த நாள்.

முகம் வரட்டும் என்று காத்திருந்தேன். பெட்டிக்குள் டக் டக் என்று ஒரு சத்தம், குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி. எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. அதற்குப் பிறகு எந்த வெயிலுக்கும் அது எழுந்திருக்கவில்லை.

உங்கள் தம்பியே டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுபோய் கோயமுத்தூரில் பிரித்துப் பார்க்கிறவர்களிடம் கொடுத்தார். உள்ளே தகடு கீறிப்போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஒரு நல்ல துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

அது கோயமுத்தூரில் இருந்த நாட்களில் ஒரு விசித்திரம் நடந்தது. டிஸ்க் உள்ளே இல்லை. ஆனாலும் காலையில் சுவிட்சைப் போட்டால் சிவப்புப் பொட்டு ஓடியது. குன்னூரிலிருந்து வேறு வேலையாக வந்த மெக்கானிக் ஒருத்தர் டீ குடிக்க உட்கார்ந்தவர் அதைப் பார்த்தார்.

"இல்லாததத் தேடிட்டிருக்குதுங்க்கா. எங்கியோ அது பேர எழுதி வெச்சிருக்காங்க."

டீ ஆறுவதற்குள் எதையோ தட்டி அந்த வரியைத் திறந்தார். நீங்கள் எழுதிய வரி. அதற்கு முன்னால் தாயம் விளையாடுகிற கட்டம் மாதிரி ஒரு குறி போட்டார்.

"இனிக் கூப்பிடாதுங்க. பாருங்க எவ்வளவு வெசையா வருதுன்னு."

வந்தது. உங்கள் காலத்தில் ஒரு நாள்கூட அப்படி வரவில்லை. சுவிட்சைப் போட்டேன், எழுந்துவிட்டது. கையில் டீ டம்ளரோடு நான் நின்றேன். எதற்குமே நேரமில்லாமல் போய்விட்டது. எனக்கு எங்கப்பா நினைவு வந்தது. அவர் போன மறுநாள் பெரட்டில் கங்காணி அவர் பேரைக் கூப்பிடவில்லை. எஸ்டேட்டில் அதைப் பேர் வெட்டுவது என்பார்கள். அப்பாவுக்கு முன்னால் நின்றவர் பேருக்குப் பிறகு நேராக என் பேர் வந்தது.

"ஏனுங்க, அந்தக் குறிய எடுத்துருங்க" என்றேன் மெக்கானிக்கிடம்.

"எதுக்குங்க்கா? சும்மா நேரந்தான் வீணாகும்."

"என்ற நேரந்தானுங்க? கூப்பிடட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். டிஸ்க் திரும்பி வந்ததும் அதையும் இருந்த இடத்திலேயே மாட்டிவைத்தேன்.

போன வாரம் உங்கள் திதி. வெறுங்கையோடுதான் மேட்டுப்பாளையம் போனேன். பஸ் இறங்கும்போது கீழே வெயில் கொளுத்தியது, தலையில் தொப்பி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தம்பியிடம் என்ன சொல்வது? "முடியலைங்க" என்றேன். அவர் தலையாட்டினார். இலை போட்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகைக்குள் நீங்கள் முறைத்துக்கொண்டு நின்றீர்கள். ஐயர் ஏதோ சொல்ல, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என்னால் முடியவில்லை. அந்த முகத்தை எப்படிக் கும்பிடுவது? நான் பாட்டுக்கு முன்னால் போய், என் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அந்த ஃப்ரேமின் மேல் கவிழ்த்துவிட்டேன்.

தம்பி சம்சாரம், "ஏனுங்க்கா இதென்ன வேலை?" என்றார். நாலு காதும் தூக்கிக்கொண்டு நின்றன. அதற்குக் கீழே கேட் பாஸ் முகம் அப்படியே முறைத்தது. முறைக்க முறைக்க அது இன்னும் மோசமானது. முதலில் சின்னவன்தான் வாயைப் பொத்தினான். அப்புறம் பெரியவன். அப்புறம் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே குலுங்கினார். ஐயரும் மந்திரத்தை நிறுத்திவிட்டு மேல்துண்டால் வாயை மறைத்தார். எல்லாரும் சிரித்தார்கள், அக்கா. நீங்கள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் நான் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன்.

புறப்படும்போது தொப்பியை எடுக்கப் போனேன். "இருக்கட்டுமுங்க்கா" என்றார் தம்பி. முடியாது என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் நல்லவள் இல்லை.

இதை எழுத ஆரம்பித்து எத்தனையோ காலை ஆகிவிட்டது. இன்றைக்கும் சாரல்தான். தொப்பி அடுப்பு மேல் காய்ந்துவிட்டது. திரையில் அந்த வரி வந்திருக்கிறது. எனக்கு இங்கிலீஷில் படிக்கத் தெரிந்த ஒரே வரி. ப்ளீஸ் பி பேஷண்ட். விரல் வைத்துப் படித்தேன். பொறுமையா இரு என்று எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, துளியும் பொறுமை இல்லாமல் முன்னால் ஓடிப்போனது யார்? கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பதில்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

சங்கு ஊதுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். "அக்கா, பெரட்டு முடிஞ்சுதுங்களா? டீயக் குடுங்க" என்கிறார் ஒருத்தர். அந்த வார்த்தை இப்போது இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. "இன்னும் ஒருத்தர் வரலைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

சிவப்புப் பொட்டு நின்றுவிட்டது. இன்றைக்குத் தேடியாகிவிட்டது, கிடைக்கவில்லை. நீங்கள் எழுதி வைத்தபடியே பெட்டி அங்கேயே நின்றுவிடாமல் எழுந்துகொண்டது. நானும் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பாலை அடுப்பில் ஏற்றுகிறேன்.